நெற்பயிரின் உயரத்தைத் தீர்மானிக்கும் ஜிப்ரலின்

செடியின் தண்டை நீளச் செய்யும் வளர்ச்சி ஹார்மோன் ஜிப்ரலின். ஜப்பானிய வயல்களில் சில நெல் நாற்றுகள் வெளிறி, நெடுநெடுவென வளர்ந்து, மணி பிடிக்காமல் வீணாகும். பூஞ்சை ஒன்று சுரக்கும் பொருளே இதற்குக் காரணம் என்று 1926இல் எயிச்சி குரோசாவா காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின்; செடிகளும் அதைத் தாமே உண்டாக்கிக்கொள்வது பின்னர்தான் தெரியவந்தது.

செல்லுக்குள் இருக்கும் கணிகங்களில் இதன் தயாரிப்பு தொடங்குகிறது. 20 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு ஒன்றை நொதிகள் படிப்படியாக மாற்றுகின்றன. கடைசிப் படிகள் சைட்டோபிளாசத்தில் நடக்கின்றன. வளர்ச்சிக்குக் கடிவாளம் போட்டு வைத்திருப்பவை டெல்லா புரதங்கள். ஜிப்ரலின் வந்ததும் அவை சிதைக்கப்படுகின்றன. செல்கள் நீள, தண்டு உயர்கிறது.

உயரம் உழவருக்கு எப்போதும் லாபமல்ல. உரம் கூடினால் நெட்டைப் பயிர் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 இரகம் சாயாமல் நின்றது. ஜிப்ரலின் தயாரிக்கும் நொதி ஒன்றின் மரபணு அதில் பழுதாகியிருந்ததால் பயிர் குட்டையானது. பழுது என்றாலும் உழவருக்கு அது வரம்தான். அதே வகை நொதிக்கான இன்னொரு மரபணு பூக்களில் வேலை செய்வதால் மணி பிடிப்பது குறையவில்லை.