கல்லுக்கு ஏற்ற சாந்து

திருவிழா நெருங்கினால் நம் இல்லங்களிலும் ஆலய முற்றங்களிலும் கல் பதிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. எந்தக் கல் என்பதைப் பல கடைகள் ஏறி இறங்கித் தீர்மானிக்கிறோம். கற்களின் இடைச்சந்தை எதனால் நிரப்புவது என்பதையோ கொத்தனாரிடம் விட்டுவிடுகிறோம். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையிலுள்ள அனுப்பம்பட்டிலும், பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் ஊர்களிலும் வாழ்வோர் அவ்வாறு விட்டுவிடலாகாது.

ஏரிக்கரை நிலத்து ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு மேலே ஏறுகிறது. சந்து இறுகிய சிமெண்டாயிருப்பின் அது கல்லையே வழியாகக் கொள்கிறது. நீர் உலர்ந்ததும் உப்பு கல்லின் நுண்துளைகளில் படிகமாகிப் பருத்து, மேற்பரப்பைச் செதில் செதிலாக உதிர்க்கிறது. சுண்ணாம்புச் சாந்தாயின் ஈரமும் உப்பும் அதன் வழியே வெளியேறும். கேடும் பெரும்பாலும் சாந்தோடு நின்றுவிடும். உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டு மீண்டும் பூசலாம். உதிர்ந்த கல்லை என் செய்வது?

டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது 1613இல். போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் வழங்கப்பட்டதோ 1824இல்தான். அதுவரை கட்டடமென்றால் சுண்ணாம்பே. ஏரிக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றுவது இப்பகுதியின் பழந்தொழில்.

நீற்றிச் சலித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு என்பது பொதுவான கலவை. ஏரி மணலும் உவர்நீரும் கூடவே கூடா. வெளியேற்ற வேண்டிய உப்பை நாமே உள்ளே வைத்ததாகும்! பூசியபின் ஈரச் சாக்கினால் மூடிச் சில நாள் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லவே இறுகும். திருவிழாவுக்கு முதல் நாள் பூசிவிட்டுக் கொத்தனாரை நோவதில் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பே என்று சொல்ல வரவில்லை. நெருக்கமான கருங்கல்லுக்குச் சிமெண்டுச் சாந்து பொருந்தும். சமையலறை ஓடுகளின் மெல்லிய சந்துகளுக்கு மணலற்ற சிமெண்டுக் கலவை போதும். எண்ணெயும் புளியும் படியும் இடத்தில் எபாக்சி நீடிக்கும், விலைதான் கூடுதல். ஆனால் தரையீரம் ஏறும் முற்றத்தில் எபாக்சி இடுவது ஈரத்தின் வாயிலை அடைப்பதாகும்.

கடப்பைக் கல்லும் சலவைக் கல்லும் சுண்ணச்சத்துடையவை. சிந்திய சாந்தை நீக்க ஆசிட் ஊற்றினால் கல்லே அரிக்கப்பட்டு மெருகு போய்விடும். ஈரத் துணியால் உடனுக்குடன் துடைப்பதே முறை. வண்ணச் சாந்தாயின், மிஞ்சிய கல்துண்டு ஒன்றில் முதலில் பூசிக் கறை பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.