தண்டவாளத்துக்கு இருபுறமும்: சிதம்பரத்தில் வீடும் மனையும்

சிதம்பரத்தில் வீடு, மனை விற்பனை என்பது உண்மையில் இரண்டு ஊர்களின் வியாபாரம். ரயில் பாதைக்கு மேற்கே, நடராசர் கோயிலையும் நான்கு தேர் வீதிகளையும் சுற்றி அமைந்த பழைய நகராட்சி. கிழக்கே, 1929-இல் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தை ஒட்டி வளர்ந்த அண்ணாமலைநகர் பேரூராட்சி. நடந்தே கடக்கக்கூடிய தூரம்தான். ஆனால் வீட்டு வரி கட்டும் அலுவலகம் வேறு, விலை பேசும் விதமும் வேறு.

வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு போகும். முன்கட்டு கடையாகிவிட்டால் விலையைத் தீர்மானிப்பது வீட்டின் பரப்பைவிட முகப்பின் அகலம்தான். இவை விற்பனைக்கு வருவது குறைவு. வந்தாலும் பாகப்பிரிவினை முடிந்ததா, பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா என்று பார்க்கவேண்டும். கோயில் நகரங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் அடிமனை. சுவரும் கூரையும் விற்பவருடையதாக இருக்கும், அடியில் உள்ள மண் கோயிலுக்கோ மடத்துக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருக்கும். அந்த மண்ணுக்குத் தரைவாடகை உண்டு. மண்ணைக் கிரயம் செய்துகொள்ள முடியாது. விலை மலிவாகத் தோன்றும் பழைய வீட்டில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

அண்ணாமலைநகர்ப் பக்கம் கணக்கே வாடகையில்தான் தொடங்குகிறது. விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்கள், ஆராய்ச்சி செய்பவர்கள், மருத்துவமனைக்கு வரும் பயிற்சி மருத்துவர்கள், வெளியூர் ஆசிரியர்கள் எனக் குடியிருப்போர் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கென்றே கட்டிய வீட்டைப் பார்த்தவுடன் தெரியும்: வெளிப்பக்கம் ஏறும் மாடிப்படி, ஒரே அளவில் வரிசையாக அறைகள், கடைசியில் இரண்டு மூன்று குளியலறைகள். வாங்குபவர் நேராகப் போய்ப் பார்க்கவேண்டியது மின்மீட்டர் பலகையை. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்குத்தான். நான்கு போர்ஷனுக்கும் ஒரே மீட்டர் என்றால் பயன்பாடு 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டி, அதிக விலைப் படிக்குப் போய்விடும். குடியிருப்பவர்கள் கொடுத்துள்ள அட்வான்ஸ் யார் பொறுப்பு என்பதையும் அக்ரிமென்டிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் இதில்தான்.

கல்லூரி ஊரில் வீட்டை வாங்குபவர் கூடவே கல்லூரியின் தலைவிதியையும் வாங்குகிறார். சிதம்பரம் இதற்குக் கண்கூடான உதாரணம். நிதி நெருக்கடிக்குப் பிறகு 2013-இல் பல்கலைக்கழக நிர்வாகம் தமிழக அரசின் கைக்கு வந்தது. மிகுதியாக இருந்த ஆசிரியர், அலுவலர் பலர் வெளியூர் அரசு நிறுவனங்களுக்குப் பணிநிரவலில் அனுப்பப்பட்டார்கள். மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்கிய குடும்பங்களுக்கு அது சிறிய அடியல்ல. மறுபுறம், 2021-இல் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அரசின் சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. “யுனிவர்சிட்டி இருக்கிறவரைக்கும் வாடகைக்குப் பஞ்சமில்லை” என்று புரோக்கர் சொல்வதை இந்தப் பின்னணியோடு கேட்டுக்கொள்ளவேண்டும். ஜூனில் பார்த்தால் எல்லா அறையும் நிரம்பியிருக்கும். மே மாதத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மனை என்றால் ஊரைச் சுற்றியுள்ள வயல்தான். விவசாயி குழிக்கணக்கில் விலை சொல்வார். குழியோ இடத்துக்கு இடம் மாறும்: 12 அடிக் கோலால் அளந்தால் 144 சதுர அடி, 24 அடிக் கோலால் அளந்தால் 576. சென்ட் மாறாது; அது 435.6 சதுர அடி. எந்தக் கணக்கில் பேசினாலும் பத்திரத்தில் சதுர அடியில் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நில அளவை வரைபடம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். வில்லங்கத்தில் வருவது பதிவான விவரம் மட்டுமே. பதிவாகாத அடமானமோ வாய்மொழிப் பாகமோ அதில் தெரியாது. லேஅவுட்டுக்கு நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் இருக்கவேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அந்தத் தேதிக்குப் பிறகு வயலைப் பிரித்துக் கல் நட்டு விற்கும் மனைக்கு அந்தச் சலுகை கிடையாது. கிரயச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடவேண்டும்: முத்திரைத் தீர்வை, சொத்து மாற்றத் தீர்வை சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு மனைக்கும் ஒரே பட்டா என்றால் பெயர் மாற்றம் எளிது. உட்பிரிவு செய்யவேண்டியிருந்தால் சர்வேயர் அளந்து முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் மண் இருக்கிறது. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் உள்ள வடிகால் பூமி இது. களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரில் விரிசல் விழும். பிச்சாவரத்தை நோக்கிக் கிழக்கே போகப் போக நிலத்தடி நீரில் உப்பு ஏறும். சாலையைவிட நாலு அடி தாழ்ந்த மனைக்கு மண் அடிக்கும் செலவும் உண்டு. புரோக்கர் சொல்லும் விலையில் அது சேராது. சித்திரையில் காய்ந்து கிடக்கும் வயலைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். கார்த்திகையில், அடைமழை விட்ட மறுநாள் போய், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.