ஒரே வாரத்தில் ஸ்லிம் ஆகலாமா?

எங்க ஆபீஸில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் போச்சு! மறுநாளே டிபன் பாக்ஸ் காணாமல் போகும். வெறும் வெள்ளரிக்காயும் மோரும்தான். 'வாரத்துல மூணு கிலோ அவுட் சார்!' என்று பெல்ட்டைக் காட்டுவார்கள்.

பேன்ட் லூஸாவது, உற்சாகம் வருவது எல்லாம் நிஜம்தான். ஆனால் போனதில் பாதிக்கு மேல் தண்ணீர்! உடம்பு சேமித்து வைக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். பட்டினி போட்டால் இரண்டும் கிளம்பிவிடும். பந்தியில் இரண்டு நாள் உட்கார்ந்தால் திரும்பிவிடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய, சுமார் 7,700 கலோரி குறைக்கணும்!

குறைச்சல் சாப்பாடே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டனில் 2017-ல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், சில மாதங்கள் தினம் சுமார் 850 கலோரியில் இருக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவிகிதம் பேர் சர்க்கரை மாத்திரை இல்லாமலே சமாளித்தார்கள். ஆனால், அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது.

தானாகச் செய்தால்? தசை கரையும், தலை சுற்றும், பித்தப்பையில் கல்கூட வரலாம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் மயங்கியே விழலாம்.

தொப்பை வர அஞ்சு வருஷம் ஆச்சு. போக ஆறு மாசமாவது கொடுங்க சார்!