பொல்பலாவும் கால் வீக்கமும்

பேராதனையிற் பயின்ற எம் பழைய மாணவர் பலர், சிங்கள அன்பர் இல்லங்களிலே தேயிலைக்குப் பதிலாகக் கருப்பட்டித் துண்டுடன் வழங்கப்பெறும் குடிநீர்களை மறந்திரார். பெலிமல் என்பது நமது வில்வம்பூ, ரணவரா ஆவாரை, இரமுசு நன்னாரி, பொல்பலாவோ யாழ்ப்பாணத்துத் தேங்காய்ப்பூக்கீரை. மலைநாட்டுக் குளிருக்கு அவை தரும் இதம் தனி.

பொல்பலா சிறுநீரைப் பெருக்கும் என்பது பழைய நம்பிக்கை. ஆதலாற் கால் வீங்கியோர் அதனை நாடுவது இயல்பே. தென்கரையிலிருந்து வந்து எம்முடன் விடுதியில் உறைந்த நண்பர் ஒருவர், ஒரு கால் மாத்திரம் வீங்கியிருக்க, ஒரு தவணை முழுவதும் அதனையே பருகி வந்தார். நாமும் தடுத்தோமில்லை, காய்ச்சியும் கொடுத்தோம். யானைக்கால் நோயெனப் பின்னர் அறிந்தபோது வீக்கம் நிலைத்துவிட்டது. அதனை எண்ணுந்தோறும் நாணுகின்றோம்.

இரத்தக் குழாய்களினின்று கசியும் நீரில் ஒரு பகுதி, புரதத்துடன் கூடி, நிணநீர்க் குழாய்களின் வழியே கழுத்தடி நாளங்களை அடைந்து மீண்டும் இரத்தத்திற் கலக்கின்றது. அதனைத் தள்ளுவதற்கு இருதயம் போன்றதோர் உறுப்பு இல்லை. குழாய்ச் சுவரின் சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சுமே அதனை நகர்த்துவன. நுளம்பு புகுத்திய புழுக்கள் அக்குழாய்களிற் குடியிருந்து அவற்றைக் கெடுப்பதே யானைக்கால். சிறுநீர் பெருகின் உடலின் நீர் குறையும். தேங்கிய புரதமோ அங்கேயே தங்கி நீரை மீண்டும் ஈர்க்கும். வடிவாய்க்கால் தூர்ந்த வயலின் வெள்ளத்தைப் பக்கத்துக் கிணற்றை இறைத்து வடிக்கலாமோ?

இந்நோய் மேல், தென், வடமேல் மாகாணங்களுக்கே பெரிதும் உரியது. கண்டிப் பகுதியில் எவருக்கும் ஐயம் எழாமைக்கு அதுவும் காரணம். 1947 இல் இலங்கையில் யானைக்கால் தடுப்பு இயக்கம் தொடங்கிற்று. 2002 முதல் 2006 வரை அம்மாகாணங்களில் ஆண்டுதோறும் டைஎதில்கார்பமசீன், அல்பெண்டசோல் மாத்திரைகள் மக்களுக்கு வழங்கப்பெற்றன. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்று இந்நோய் நீங்கியதென உலக சுகாதார தாபனம் 2016 இல் ஏற்றுக்கொண்டது. எனினும் நோய்க்கிருமி முற்றாக ஒழிந்துவிடவில்லை.

இக்கிருமியின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவிலேயே இரத்தத்தில் உலவுவன. அதனாலேயே சோதனைக்கு இரவில் இரத்தம் எடுப்பர். நிலைத்த வீக்கத்துக்கு, நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்து வருதல் வேண்டும். காய்ச்சலும் வலியும் அடிக்கடி வருவதை இது பெரிதும் குறைக்கும். ஒரு கால் திடீரென வீங்கின், நாளத்தில் இரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் செல்க. பொல்பலாவைப் பிறகு காய்ச்சலாம்.