ஈரம் போனால் மணம் வரும்

2007 அக்டோபரில் லண்டன் சோஹோ பகுதியில் சில தெருக்களைக் காவல்துறை அடைத்தது. காற்றில் பரவிய ஏதோ ஒன்றால் கண்ணெரிச்சலும் இருமலும் தாங்கவில்லை என்று மக்கள் புகார் சொல்ல, தீயணைப்புப் படையினர் சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு வந்து, நெடி கிளம்பிய கட்டடத்தின் கதவை உடைத்து உள்ளே போனார்கள். அங்கே ஒரு தாய்லாந்து உணவகத்தின் சட்டியில் காய்ந்த மிளகாய் கருகிக்கொண்டிருந்தது. மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்புகளில் உள்ள ஒரு புரதத்தைத் தூண்டுகிறது என்று 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டறிந்தது; 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவும் ஒரு காரணம். அந்த நரம்புகள் கண்ணிலும் தொண்டையிலும் இருக்கின்றன. எனவே மிளகாய்த்தூள் புகையாகும்போது நாக்கைக் கேட்காமலேயே உறைக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த 'கருக்கிய மீன்' செய்முறையை லண்டன் அடுக்குமாடிச் சமையலறையில், குளிருக்கு ஜன்னல் அடைத்த மாலையில், எழுதியபடியே செய்தால் சோஹோ சம்பவம் சிறிய அளவில் வீட்டுக்குள் நடக்கும். அந்தப் புகை இல்லாமல் லூசியானாவின் கேஜன் சமையல் சுவை வராது என்று பலரும் நம்புகிறார்கள். வரும் என்பதற்குச் சமையல் வேதியியலே சாட்சி. தீயின் அளவைவிட மீனின் மேற்பரப்பில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் இந்தச் சமையலைத் தீர்மானிக்கிறது.

முதல் ஆட்சேபம் மரபின் பெயரால் வரும்: கருகாவிட்டால் அது கேஜன் மீனா? கேஜன்கள், 1755-இல் பிரிட்டிஷார் நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டிய பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பழைய வீட்டுச் சமையல் பெரும்பாலும் பானையில் மெதுவாகக் கொதிப்பது. வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் வதக்கித் தொடங்குவது. கருக்கிய மீனோ ஓர் உணவகக் கண்டுபிடிப்பு. 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் கே-பால்ஸ் உணவகத்தைத் திறந்த பால் புருடோம் அதைப் பிரபலமாக்கினார். 1984-இல் வந்த தன் சமையல் நூலில், இரும்புச் சட்டியைப் புகை வரும் கட்டத்தையும் தாண்டி, குறைந்தது பத்து நிமிடம் காயவைக்கச் சொன்னவர், உணவகங்களில் இருப்பது போன்ற புகைபோக்கி இல்லாதவர்கள் இதை வெளியே வைத்துச் செய்யும்படியும் எச்சரித்தார். செய்முறை பரவியபோது எச்சரிக்கை பின்தங்கிவிட்டது. நம் ஊர்க் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்த ரெட்ஃபிஷ்தான் அவர் பயன்படுத்தியது. நாடெங்கும் இந்த மோகம் பரவியதில் அதைப் பிடித்துத் தீர்த்தார்கள். 1986-இல் மெக்சிகோ வளைகுடாவின் கூட்டாட்சிக் கடற்பரப்பில் அரசே தலையிட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. ஆக, இரண்டு தலைமுறை வயதுகூட இல்லாத உணவக உத்தியை 'தொன்மை' என்று சொல்லித் தீயைக் கூட்டுவதற்கு வரலாற்றில் இடமில்லை.

அந்தக் கருமை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இன்னும் தெளியும். புருடோம் மீனை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, உலர்ந்த மசாலாவில் புரட்டினார். கறுப்பது பெரும்பாலும் வெண்ணெயிலுள்ள பால் புரதமும் பால் சர்க்கரையும், மசாலாவின் பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் பாப்ரிக்காவும்தான். மீனின் சதை அல்ல. புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடிப் பழுப்பாகும் மெய்யார் வினை சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் விறுவிறுப்பாக நடக்கும். தோசை முறுகும்போதும் நெய் காய்ச்சும்போதும் எழும் மணம் இதே வினையின் விளைவு. அந்தச் சூட்டுக்குத் தடையாக நிற்பது தண்ணீர். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடம் நூறு டிகிரியைத் தாண்டாது. இருபது டிகிரியில் உள்ள தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு, அதை ஆவியாக்கத் தேவை. ஈரமான ஃபில்லட்டைச் சட்டியில் போட்டால் வெப்பமெல்லாம் இதற்கே போய், மீன் வறுபடாமல் வேகும். புருடோமின் அனல் இந்த ஈரத்தை ஒரே வீச்சில் அடித்து விரட்டும் வழி. அதே வேலையைச் சமையலறைக் காகிதமும் செய்யும். உப்புத் தடவிக் கால்மணி நேரம் வைத்து, கசியும் நீரை நன்றாக ஒற்றியெடுத்துவிட்டால், சுமார் 200 டிகிரிச் சட்டியே போதும். தெளித்த நீர்த்துளி உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடினால் சட்டி தயார். மீனில் வெண்ணெய், சட்டியில் நெய்யோ எண்ணெயோ என்று பிரித்துக்கொள்வது நல்லது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு வரை தண்ணீர். அதைச் சட்டியில் ஊற்றினால் முதலில் நுரைக்கும், பிறகு கருகும்.

தமிழ்ச் சமையலுக்குப் பழகிய கை இங்கேதான் தடுமாறுகிறது. நம் மீன் வறுவலின் மசாலா ஈரமானது: இஞ்சிபூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, மிளகாய்த்தூள் எல்லாம் குழைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தாராளமான எண்ணெயில் நிதானமாகப் பொரிப்பது. வஞ்சிரத் துண்டுக்கு அது அருமையாகப் பொருந்தும். கேஜன் கலவை முழுக்க உலர்தூளாக இருப்பதற்கோ காரணம் உண்டு: குறைந்த கொழுப்பில், இரண்டு மூன்று நிமிடத்தில் பழுப்பாக வேண்டும். ஊறவைத்தால்தானே மசாலா உள்ளே இறங்கும் என்ற கேள்வி எழும். அவ்வளவு நேரத்தில் உப்பு சில மில்லிமீட்டர் இறங்கும். எண்ணெயில் மட்டும் நன்றாகக் கரையும் கேப்சைசினும் பாப்ரிக்காவின் நிறமியும் நீர் நிறைந்த சதைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. எலுமிச்சை இல்லாமல் கவுச்சி போகுமா? கவுச்சிக்குக் காரணமான டிரைமெத்திலமீன் ஒரு காரம். அமிலத்தோடு சேர்ந்ததும் ஆவியாகும் தன்மையை இழந்துவிடும். சாற்றைத் தட்டில் வைத்துப் பிழிந்தாலும் அதே வேலை நடக்கும். முன்கூட்டியே தடவினால் அமிலம் மெய்யார் வினையை மந்தமாக்குகிறது, ஈரமும் கூடுகிறது. மசாலாவில் அந்நியமாகத் தெரியும் தைம், ஆரிகானோ இரண்டும் உண்மையில் நமக்குப் பழகிய மணங்கள். தைமின் தைமால்தான் ஓமத்துக்கு அந்த நெடியைத் தருகிறது. ஆரிகானோவின் கார்வக்ரால் கற்பூரவள்ளி இலையில் இருக்கிறது. தைம் தீர்ந்துபோன நாளில் ஒரு சிட்டிகை ஓமப்பொடி சேர்ப்பதில் பிழையில்லை (லூசியானாக்காரர் யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் நல்லது). இந்த மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. சட்டி எவ்வளவு கொதிக்கிறதோ அவ்வளவு மணம் தட்டுக்கு வராமல் புகையோடு போய்விடும்.

உள்ளே நடப்பது தனிக் கணக்கு. காட், ஹேடக் போன்ற குளிர்கடல் மீன்களின் புரதமும் கொலாஜனும் வெப்பக்கடல் மீன்களுடையதைவிடக் குறைந்த சூட்டிலேயே குலைந்துவிடும். நடுமுள்ளோடு குறுக்கே வெட்டிய வஞ்சிரத் துண்டை முள் பிடித்துக்கொள்கிறது. நீளவாக்கில் எடுத்த காட் ஃபில்லட்டில் அடுக்கடுக்கான சதையை ஒட்டவைக்கும் மெல்லிய சவ்வு இளகியதும் துண்டு உதிர்கிறது. ஒரே ஒரு முறை திருப்பினால் போதும் என்பது அதனால்தான். தடிமனையும் பார்க்க வேண்டும். வெப்பம் நடுப்பகுதிக்குப் போய்ச்சேரும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: ஒரு சென்டிமீட்டர் துண்டைவிட மூன்று சென்டிமீட்டர் துண்டுக்கு ஒன்பது மடங்கு. தடித்த காட் துண்டை அனல் சட்டியிலேயே முடிக்க நினைத்தால் மேலே கரி, உள்ளே பச்சை. மேற்பரப்பு நிறம் பிடித்ததும் ஓவனுக்கு மாற்றிவிட வேண்டும். அரைவேக்காடு ஆபத்தில்லையா என்பது நியாயமான பயம். பிரிட்டனின் உணவுத் தர முகமையின் பொதுவான அறிவுரை, நடுப்பகுதி 70 டிகிரியில் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும் என்பது. உணவகங்கள் பல இதற்கு முன்பே மீனை இறக்கிவிடுகின்றன, சாறு நிற்பதற்காக. கர்ப்பிணிகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் முகமை சொல்வதையே கேட்பது சரி. தடித்த துண்டை ஓவனில் முடிக்கும்போது அது எளிதாகவும் கூடும். தீயைக் கூட்டுவதால் மட்டும் இந்தப் பாதுகாப்பு வராது: கரிந்த மேற்புறம் உள்ளே வெந்துவிட்டதற்குச் சான்று ஆகாது. தவிர, கரி கூடக்கூட பலவளைய ஹைட்ரோகார்பன்கள் போன்ற வேண்டாத சேர்மங்களும் கூடும். எப்போதோ ஒருநாள் சாப்பிடுவதற்குப் பதற வேண்டியதில்லை. வாராவாரம் செய்பவர்கள் யோசிக்கலாம்.

கடைசி ஆட்சேபம் பணப்பை சம்பந்தப்பட்டது. பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு விடியுமுன் போய்ப் புது மீன் வாங்க எல்லோராலும் முடியாது. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் கைக்கு எட்டுவது உறைந்த பாசா ஃபில்லட்தான். உறையும்போது பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதால், உருகியதும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். நீரைப் பிடித்துவைக்கப் பாஸ்பேட் சேர்த்த பாக்கெட்டுகளில் இது இன்னும் மோசம்; பாக்கெட்டின் பின்புறம் படித்துப் பார்த்தால் தெரியும். அதை என்ன ஒற்றியும் மேற்புறம் சரியாக உலராது. அப்படிப்பட்ட மீனோடு சண்டை போடுவதைவிட, லூசியானாவின் இன்னொரு மரபான கிரியோல் சமையல் பக்கம் திரும்பலாம். நியூ ஆர்லியன்ஸின் கூர்புயோன், தக்காளிக் குழம்பில் மீனை வேகவைக்கும் முறை. அங்கே ஈரம் எதிரி இல்லை. பழுப்பு மணத்தை மீனிடம் எதிர்பார்க்காமல் ரூ தருகிறது: கொழுப்பில் மாவைக் கிளறிக்கிளறி வறுப்பது. நிறம் ஆழமாக ஆக மணம் கூடும். ஆனால் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் சூட்டில் அறுபடுவதால் கெட்டிப்படுத்தும் திறன் குறையும். எனவே கறுத்த ரூவுக்கு மாவு சற்றுக் கூடுதலாக வேண்டும். இன்னொரு கிரியோல் உலகமான குவாதலூப்பில், 1854 முதல் கப்பலேறிப் போன தமிழ்க் கூலித் தொழிலாளர்களின் வழியாக வந்த 'கொலொம்போ' மசாலாப் பொடியில் வறுத்த அரிசி சேர்க்கிறார்கள். மணம், கெட்டி இரண்டும் அதிலிருந்தே கிடைக்கின்றன. ரூவோ வறுத்த அரிசிப்பொடியோ, குழம்பு முழுதாகக் கொதித்து முடிந்த பிறகே பாசாவைப் போட வேண்டும். தீயைக் குறைத்து மூடிவைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஆட்டினால் துண்டு உடையாது.