யானை நேராகப் போகும்... குதிரை ‘ட’ போடும்! ஒன்றாம் வகுப்புக்குள் ஒரு செஸ் ஒலிம்பியாட்

சதுரங்கப் பலகையின் நான்கு மூலைகளிலும் நிற்கிற காய்க்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘யானை’ என்றுதான் பெயர். பார்ப்பதற்கோ கோட்டைக் கொத்தளம் மாதிரி இருக்கும். நகரத்துக் குழந்தை இதைப் பற்றிப் பெரிதாக யோசிக்காது. கோட்டையும் யானையும் அதற்குப் புத்தகத்தில் வருகிற படங்கள்தான். ஜவளகிரிக் குழந்தையிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டோர ஊர் ஜவளகிரி. கேழ்வரகு முற்றும் காலம் வந்தால், பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வனச்சரகம் வழியாகத்தான் இந்தப் பக்கம் இறங்குகின்றன. கொல்லையில் ராத்திரிக் காவல், பட்டாசுச் சத்தம், ‘காட்டுப் பக்கம் போகாதே’ என்ற பாட்டியின் அதட்டல்... இவற்றோடு வளர்கிற குழந்தையிடம் போய், “யானை நேர்கோட்டில்தான் போகும், குறுக்கே போகவே போகாது” என்று விதி சொன்னால் சிரிக்காமல் என்ன செய்யும்? ஆனால், அந்தச் சிரிப்பை வைத்தே ஓர் உலகப் போட்டியை ஒன்றாம் வகுப்புக்குள் கொண்டுவந்துவிடலாம்.

2022-ம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, தமிழ்நாடே கறுப்பு வெள்ளைக் கட்டமாக மாறியது நினைவிருக்கலாம். சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்க வண்ணம் பூசினார்கள். வேட்டி சட்டை போட்ட குதிரை ‘தம்பி’, ஆவின் பால் பாக்கெட்டில்கூட வந்து நின்றது. ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போரால் இடம் மாறி இங்கே வந்தது. பொதுப் பிரிவில் மட்டும் 186 நாடுகள். அரசுப் பள்ளிகளில் பள்ளி அளவு, வட்டார அளவு, மாவட்ட அளவு என்று போட்டிகள் நடந்தன.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அது சரி. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஓர் உலகப் போட்டி வழக்கமாக எப்படி வந்து சேர்கிறது? ‘சின்னத்தின் பெயர் என்ன, எத்தனை நாடுகள் கலந்துகொண்டன’ என்று பொது அறிவுக் கேள்வியாக வரும். இல்லையென்றால், ‘நாளைக்கு எல்லாரும் ராஜா, ராணி வேஷத்தில் வரவும்’ என்று முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும். ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வருகிற அப்பாவும், பூந்தோட்டத்தில் பறித்துக் களைத்து வருகிற அம்மாவும் எட்டு மணிக்கு மேல் கிரீடத்துக்கு எங்கே போவார்கள்? மறுநாள் கிரீடம் இல்லாத குழந்தை கடைசி வரிசையில் நிற்கும். உலகப் போட்டியைப் பற்றி அது கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வகுப்பில் நாக் அவுட் முறையில் போட்டி வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. முப்பது பேரில் பதினைந்து பேர் முதல் சுற்றிலேயே வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ சொல்லிக்கொடுத்த இரண்டு பேருக்கு மட்டும் அது விளையாட்டு, மற்றவர்களுக்குக் கைதட்டல் வகுப்பு.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான ஒலிம்பியாட் இப்படி நடப்பதே இல்லை. அது தனிநபர் போட்டி அல்ல, அணிப் போட்டி. ஓர் அணியில் ஐந்து பேர், ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பேர் ஆடுவார்கள், ஒருவர் மாற்று ஆட்டக்காரர். மொத்தம் 11 சுற்றுகள். முக்கியமான விஷயம், தோற்றவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஜெயித்த அணி ஜெயித்த அணியோடு மோதும், தோற்ற அணிக்குத் தன் பலத்துக்கு ஏற்ற இன்னோர் அணி கிடைக்கும். பட்டியலில் கடைசியில் இருக்கும் நாடும் கடைசி நாள் வரை ஆடும். மாமல்லபுரத்தில் பாலஸ்தீன அணிக்காக ரண்டா செடர் என்ற 8 வயதுச் சிறுமி ஆடினாள். அந்த ஒலிம்பியாடின் மிக இளைய ஆட்டக்காரி அவள்தான். ஓர் ஆட்டத்தில் வென்றும் காட்டினாள். மூன்றாம் வகுப்பு வயது!

ஆக, சின்ன வகுப்பில் செய்ய வேண்டியது ஒலிம்பியாடைப் ‘பற்றி’ச் சொல்லிக்கொடுப்பதல்ல, அதன் முறையிலேயே விளையாட விடுவதுதான். ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் முப்பது பேர் வகுப்பில் ஆறு நாடுகள். பிள்ளைகள் குறைவு என்றால் மூன்று பேர் அணியே போதும். ஒவ்வோர் அணியும் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடி வரையட்டும். கொடியில் எத்தனை நிறம், எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுவது அன்றைய கணக்கு. தினமும் இருபது நிமிடம், ஒரு சுற்று. 11 நாளில் ஒலிம்பியாட் முடிந்துவிடும். அணி ஜெயித்தால் 2 புள்ளி, சமன் என்றால் 1. தன் ஆட்டத்தில் தோற்ற குழந்தையின் அணி அன்றைக்கு ஜெயித்திருக்கும், அழுகை பாதியில் நின்றுவிடும். 1 முதல் 3 வகுப்பு வரை 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழுவாக உட்கார்ந்து கற்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதால், இதற்கென்று வகுப்பைப் புரட்டிப்போட வேண்டியதும் இல்லை.

ஆறு வயதில் முழுச் சதுரங்கம் ஆட முடியுமா? முடியாது, வேண்டியதும் இல்லை. ‘சிப்பாய் ஆட்டம்’ போதும். எட்டுக்கு எட்டுக் கட்டம், இந்தப் பக்கம் எட்டு சிப்பாய், அந்தப் பக்கம் எட்டு. சிப்பாய் முன்னால் ஒரு கட்டம் நகரும், முதல் தடவை மட்டும் விரும்பினால் இரண்டு. எதிராளியைக் குறுக்கே மட்டும்தான் வெட்டும். யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க்கரையைத் தொடுகிறதோ அவர் ஜெயித்தார். ஐந்து நிமிட ஆட்டம். புதிதாகக் கற்பவர்களுக்குப் பயிற்சியாளர்கள் இதைச் சொல்லிக்கொடுப்பது உண்டு. இது கைவந்த பிறகு வாரத்துக்கு ஒரு காயாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இதற்குக் கடைப் பலகைகூடத் தேவையில்லை. அட்டையில் கட்டம் போட்டால் பலகை, சோடா மூடிகள் சிப்பாய்கள். ஒரு பக்கத்து மூடிகளுக்குச் சுண்ணாம்பு தடவினால் வெள்ளைப் படை. யானையையும் குதிரையையும் களிமண்ணில் பிசைந்து நிழலில் காயவைக்கலாம். களிமண் யானைக்குத் தும்பிக்கை ஒட்டுகிற வேலையில் ஜவளகிரிப் பிள்ளைகளை யாராலும் மிஞ்ச முடியாது!

பலகையைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது தரைதான். பள்ளி வராந்தாவில் சாக்பீஸால் ஓர் அடிக்கு ஓர் அடி கட்டம் போட்டால், எட்டடி நீள அகலத்தில் பலகை தயார். அவரவர் வலது கைப் பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும், இது மட்டும் விதி. இப்போது பிள்ளைகளே காய்கள். கீழே ஓரத்தில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்று எட்டு எழுத்துகள், பக்கவாட்டில் 1 முதல் 8 வரை எண்கள். “இ-4 கட்டத்துக்குப் போ” என்றால், எழுத்தும் எண்ணும் சேர்ந்து காலுக்கு வரும். யானைக் குழந்தை நேராக மட்டும் நடக்கும். குதிரைக் குழந்தைக்கு விதி சொல்ல நீண்ட வாக்கியமே வேண்டாம், தரையில் ஒரு ‘ட’ எழுதிக் காட்டினால் போதும். இரண்டு கட்டம் போய் ஒரு கட்டம் திரும்ப வேண்டும் என்பது அந்த ஓர் எழுத்திலேயே இருக்கிறது.

‘வெட்டுப்பட்ட’ குழந்தையின் முகம் சுருங்கும், அதை முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது. வெளியே வந்தவருக்கு உடனே ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். நடுவர், மணி அடிப்பவர், புள்ளி எழுதுபவர் என்று எதுவாகவும் இருக்கலாம். பிறகு, கைகுலுக்கல். ஒலிம்பியாடில் ஆட்டம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் கை கொடுக்கிறார்கள் அல்லவா? வகுப்பிலும் அது கட்டாயம். தோற்றவருக்கு மட்டுமல்ல, ஜெயித்துவிட்டுக் குதிக்கிற குழந்தைக்கும் அந்தக் கைகுலுக்கல் தேவைப்படுகிறது.

186 என்ற எண்ணையும் மனப்பாடத்துக்கு விட வேண்டாம். ஆறு வயதுக் குழந்தைக்கு 186-ம் 1,860-ம் ஒன்றுதான், ரெண்டுமே ‘நிறைய’. ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை கொண்டுவரச் சொல்லி, பத்துப் பத்தாகக் குவித்தால் 18 குவியலும் 6 கொட்டைகளும். அத்தனை நாட்டுக்காரர்களும் ஒரே ஊரில் வந்து உட்கார்ந்தார்கள் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இந்த எல்லைப் பகுதிக்கு இந்த விளையாட்டு இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. இங்கே பல குழந்தைகளுக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், சில வீடுகளில் உருது, வகுப்பில் தமிழ். 2006-ம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமானது. வீட்டில் தமிழ் கேட்காத குழந்தை முதல் சில மாதங்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும். தெரியாததால் அல்ல, எந்த வார்த்தையில் சொல்வது என்ற தயக்கத்தால். ‘மந்தமான பிள்ளை’ என்ற பெயர் அதற்கு வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. பெயர் வந்த பிறகு போக்குவது கஷ்டம்.

சதுரங்கத்தில் அந்தக் குழந்தை வாய் திறக்க வேண்டியதில்லை, காயை நகர்த்தினால் போதும். வார்த்தை வேண்டுமென்றாலும் எல்லா மொழியையும் உள்ளே விடலாம். தமிழ் யானை கன்னடத்தில் ஆனெ, தெலுங்கில் ஏனுகு. குதிரை கன்னடத்தில் குதுரெ, தெலுங்கில் குர்ரம். மாமல்லபுரத்துத் ‘தம்பி’யே கன்னட வீட்டுக்குப் போனால் தம்ம, தெலுங்கு வீட்டில் தம்முடு. ராஜாவுக்கு மட்டும் மூன்றிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. இந்தப் பெயர்களைச் சுவரில் ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டி, தெலுங்குப் பெயரைத் தெலுங்கு வீட்டுக் குழந்தையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அதுவரை பேசாத பிள்ளை அன்றைக்கு டீச்சர். தரையில் எழுதிய ‘அ, ஆ, இ, ஈ, உ, ஊ’வும் மூன்று மொழிக்கும் பொதுவான வரிசைதான்.

வீட்டில் என்ன செய்யலாம்? செஸ் தெரியாத பெற்றோர் வருத்தப்பட வேண்டாம். தாத்தா பாட்டிக்கு ஆடு புலி ஆட்டம் தெரிந்திருந்தால் அதுவே நல்ல தயாரிப்பு. மூன்று புலியைப் பதினைந்து ஆடுகள் மடக்குவதும், யோசித்துக் காய் வைப்பதும், வைத்த காயை எடுக்காமல் இருப்பதும் இரண்டு ஆட்டத்துக்கும் பொது. சென்னையைச் சேர்ந்த வைஷாலியை அவருடைய பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்தது, டி.வி பார்ப்பதைக் குறைப்பதற்காகத்தான். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் பலகைக்கு வந்தார். 2022 மாமல்லபுரத்தில் அக்கா பெண்கள் அணியிலும் தம்பி பொதுப் பிரிவு அணியிலும் வெண்கலம் வாங்கினார்கள். 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இரண்டு பேருக்கும் தங்கம். வீட்டில் மூத்த பிள்ளை பள்ளியில் கற்றதை இளையதுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். தப்பாகச் சொல்லிக்கொடுத்தாலும் பரவாயில்லை, சண்டை போட்டுக்கொண்டே விதியைத் தெரிந்துகொள்வார்கள்.

செஸ் ஒலிம்பியாட் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். மாமல்லபுரத்தில் பொதுப் பிரிவுத் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போன உஸ்பெகிஸ்தான்தான் 2026 ஒலிம்பியாடை நடத்தும் நாடு. அந்த நாட்டுக் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம்தான் பின்னால் ஓடுகிறது. அங்கே மத்தியானம் மூன்று மணிக்குக் காயை நகர்த்தினால் இங்கே மூன்றரை. பள்ளி மணி அடிப்பதற்குள் முதல் பத்து நகர்வுகளை டீச்சரின் போனில் பார்த்து, சோடா மூடிகளை அதே மாதிரி வராந்தாவில் நகர்த்திவிடலாம்.