பூரானின் உடலமைப்பும் எமது அச்சமும்

மழை தொடங்கிவிட்டால் மாத்தளை மாவட்டத்துக் கிராமங்களில் அழையாமலே வீட்டுக்குள் வந்து சேரும் உயிரினங்களுள் பூரானும் ஒன்றாகும். ஏ-9 வீதியில் மாத்தளை நகருக்கு வடக்கே அமைந்துள்ள எமது பலாபத்வல பிரதேசமும் இதற்கு விதிவிலக்கல்ல. மிளகு, கொக்கோ, சாதிக்காய், கராம்பு என நிழலும் ஈரமும் நிறைந்த தோட்டங்கள் சூழ்ந்த இடம் இது. சுபஹுத் தொழுகைக்காக எழுந்து இருட்டில் வுழுச் செய்யச் செல்பவரும், விடியுமுன் இறப்பர் பால் வெட்டப் புறப்படும் தொழிலாளியும் காலடியில் பூரானைக் காண்பது புதிய விடயமல்ல. மட்டத்தேள் என்றும் பூரான் என்றும் நாம் அழைக்கும் இதனைக் கண்டதும் தும்புத்தடியைத் தேடுவதே எமது வழக்கம்.

ஆனால் அண்மைக் காலத்தில் இந்த அச்சம் புதியதொரு வடிவத்தைப் பெற்றுள்ளது. வௌவாலையும் எலியையும் பிடித்துத் தின்னும் தென்னமெரிக்க இராட்சதப் பூரானின் காட்சிகள் கையடக்கத் தொலைபேசிகளில் வலம் வருகின்றன. அதனைப் பார்த்த பிள்ளைகள் ‘எங்கள் வீட்டுக்குள் வருவதும் இதுதானா?’ என்று கேட்கின்றனர். இக்கேள்விக்குச் சரியான பதிலை அளிப்பது பெரியவர்களாகிய எமது கடமையாகும். அந்த இராட்சதப் பூரானும் எமது வீட்டுப் பூரானும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அளவு வேறு, உடலின் அமைப்பு ஒன்றே. ஆகவே அதன் உடலை அறிந்துகொள்வது எமது சுவர் வெடிப்பில் வாழும் உயிரினத்தை அறிந்துகொள்வதாகவே அமையும்.

ஸ்கொலோபென்ட்ரா ஜைஜான்டியா என்பது அந்தத் தென்னமெரிக்கப் பூரானின் விஞ்ஞானப் பெயராகும். 1758 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இப்பெயரைச் சூட்டினார். வெனிசுவேலா, கொலம்பியா ஆகிய நாடுகளிலும் ட்ரினிடாட், அரூபா, குராசாவோ முதலிய கரிபியன் தீவுகளிலும் இது வாழ்கிறது. சுமார் 30 சென்ரிமீற்றர் வரை, அதாவது பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தின் நீளத்துக்கு இது வளரக்கூடியது. இலங்கையில் இதே பேரினத்தைச் சேர்ந்த ஹார்ட்விக்கி, மோர்சிட்டன்ஸ் ஆகிய இனங்கள் காணப்படுகின்றன. செம்மஞ்சளும் கருமையும் மாறிமாறிப் பட்டை போட்ட உடலைக் கொண்டது ஹார்ட்விக்கி. எமது நாட்டில் காணப்படுபவை பெரும்பாலும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டுவதில்லை. அயல்நாடான இந்தியாவில் இப்பேரினத்தின் உடலமைப்பை விளக்கி ஜாங்கி என்ற விலங்கியலாளர் எழுதிய நூல் 1966 ஆம் ஆண்டிலேயே வெளியாகியிருப்பதும் குறிப்பிடத்தக்கது.

இனி அதன் உடலை நோக்குவோம். பூரானின் உடல் தலை, முண்டம் என இரு பகுதிகளைக் கொண்டது. தட்டையான தலையின் முன்புறத்தில் ஒரு சோடி உணர்கொம்புகள் நீண்டிருக்கும். தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சிறு கண்கள் வீதம் மொத்தம் எட்டுக் கண்கள் உண்டு. எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மிகவும் மங்கலானது. ஒளியையும் இருளையும் பிரித்தறிய அவை உதவுகின்றனவே தவிர, எதிரில் நிற்பவர் யாரென அறிய உதவுவதில்லை. தொடுகையையும் மணத்தையும் கொண்டே அது உலகை அறிகிறது. எனவே பூரான் மனிதரைக் கண்டு துரத்தி வருகிறது என்ற எண்ணம் தவறானது. வெளிச்சத்துக்கு அஞ்சி இருளைத் தேடி அது ஓடும் பாதையில் எமது கால்கள் இருந்துவிடுகின்றன என்பதே உண்மை.

பூரான் ‘கடிக்கிறது’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது வாயினால் கடிப்பதில்லை. தலைக்கு அடுத்துள்ள முதலாவது துண்டத்தின் கால்கள் இரண்டும் காலப்போக்கில் நச்சுக் கொடுக்குகளாக மாறியுள்ளன. தலைக்குக் கீழே மடிந்து, இடுக்கியைப் போல இரு பக்கமிருந்தும் இவை சேரும். ஒவ்வொரு கொடுக்கினுள்ளும் ஒரு நச்சுச் சுரப்பி உண்டு. அதன் வாய் கொடுக்கின் கூர்முனைக்கு அருகில் திறக்கிறது. கடித்த இடத்தில் இரு புள்ளிகளாகக் காயம் தெரிவதற்குக் காரணம் இதுவேயாகும். தாடைகள் இரையைக் கிழித்து மெல்ல மட்டுமே பயன்படுகின்றன.

கொடுக்குத் துண்டத்துக்குப் பின்னால் 21 துண்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு சோடிக் கால் வீதம் 42 கால்கள். துண்டத்துக்கு இரண்டு சோடி வீதம் கால்களைக் கொண்ட மரவட்டை இதிலிருந்து வேறுபட்டது. பூரானுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் ‘நூறு கால்’ எனப் பொருள்படும். ஆனால் சரியாக நூறு கால் கொண்ட பூரான் உலகில் இருப்பதாக அறியப்படவில்லை. முழு வளர்ச்சியடைந்த பூரான்களின் காற்சோடிகள் 15 முதல் 191 வரை வேறுபடினும், எப்போதும் ஒற்றை எண்ணாகவே அமைகின்றன. நூறு கால்களுக்கு 50 சோடி தேவை. அது இரட்டை எண் அல்லவா?

கடைசிச் சோடிக் கால்கள் நடப்பதற்குரியவையல்ல. பின்னோக்கி நீண்டு, உணர்கொம்புகளைப் போலவே தோற்றமளிக்கும் அவை, பற்றிப் பிடிப்பதற்கும் எதிரியை அச்சுறுத்துவதற்கும் உதவுகின்றன. வெனிசுவேலாவின் பரகுவானா தீபகற்பத்திலுள்ள குகையொன்றில் இராட்சதப் பூரான்கள் மூன்று இன வௌவால்களை வேட்டையாடியதை 2005 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். குகையின் கூரையைப் பின்கால்களால் பற்றித் தொங்கியவாறு முன்னுடலால் இரையைப் பிடிக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. பிள்ளைகள் பார்த்து வியக்கும் காட்சிகளின் பின்னணி இதுவே.

பூரானின் உடலில் எமக்கு மிகவும் பயன்தரும் செய்தி அதன் சுவாசத்தில் இருக்கிறது. அதற்கு நுரையீரல் இல்லை. உடலின் இரு பக்கங்களிலும் உள்ள ஒன்பது சோடிச் சுவாசத் துளைகளினூடாகக் காற்று உட்சென்று, நுண்ணிய குழாய்கள் வழியே உடலெங்கும் பரவுகிறது. இத்துளைகளைப் பூச்சிகளைப் போல இறுக மூடிக்கொள்ள அதனால் இயலாது. தோலின் மீது நீரைக் காக்கும் மெழுகுப் பூச்சும் போதியளவு இல்லை. ஆகவே உலர்ந்த இடத்தில் அதன் உடல்நீர் விரைவில் வற்றிவிடும். பகலில் கல்லின் கீழும் சருகின் கீழும் ஒளிந்திருந்து இரவில் வெளிவருவதன் காரணம் இதுவே. தட்டையான உடலும், தகடுகளுக்கிடையிலுள்ள மென்மையான தோலும் மிகச் சிறிய வெடிப்பிலும் நுழைய இடமளிக்கின்றன.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவானது. சுவரோரம் குவிந்த தேங்காய் மட்டை, விறகு, சருகு ஆகியவற்றை அகற்றினால், குளியலறைக் கழிவுநீர் தேங்காது பார்த்துக்கொண்டால், வெடிப்புகளைச் சீமெந்தினால் அடைத்தால், பூரானுக்கு எமது வீட்டில் வேலையில்லை. சப்பாத்தையும் செருப்பையும் தட்டிவிட்டு அணிவதும், இருட்டில் கைவிளக்கின்றி நடக்காதிருப்பதும் செலவில்லாத பாதுகாப்புகளாகும். கரப்பான் பூச்சியை உண்டு வாழும் இவ்வுயிர், தோட்டத்தில் இருக்கும்வரை எமக்கு உதவியாகவே இருக்கிறது.

நஞ்சைப் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். சீனாவில் வாழும் ஸ்கொலோபென்ட்ரா மியூட்டிலன்ஸ் என்ற பூரான் 3 கிராம் நிறையே உடையது. அது தன்னைப் போல 15 மடங்கு நிறை கொண்ட சுண்டெலியை அரை நிமிடத்தில் வீழ்த்துவதாக 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதன் நஞ்சிலுள்ள ஒரு புரதம் உடற்கலங்களின் பொற்றாசியம் செல்லும் வாயில்களை அடைத்து இதயத்தையும் சுவாசத்தையும் தாக்குகிறது. மனிதருக்கோ பெரும்பாலும் கடும் எரிவு, வீக்கம், சிவப்பு ஆகியவற்றோடு கடி அடங்கிவிடும். எனினும் 2014 ஆம் ஆண்டில் வெனிசுவேலாவில், திறந்திருந்த குளிர்பான டின் ஒன்றினுள் மறைந்திருந்த இராட்சதப் பூரான் கடித்து நான்கு வயதுக் குழந்தையொன்று உயிரிழந்தமை பதிவாகியுள்ளது. சிறு பிள்ளைகள் விடயத்தில் அலட்சியம் ஆகாது.

கடியுண்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். குளிர்ந்த ஒத்தடமோ தாங்கக்கூடிய சுடுநீரோ வலியைத் தணிக்கும். காயத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கானவை. மூச்சுத் திணறல், முகவீக்கம், தலைச்சுற்றல் ஏற்பட்டால் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடியுண்டது சிறு குழந்தையானால் அறிகுறிகளுக்காகக் காத்திருத்தலாகாது.

இங்குதான் நாம் வலியுறுத்த விரும்பும் முக்கிய விடயம் உள்ளது. நள்ளிரவில் ஏதோ கடித்துவிட்டது, கடித்ததைக் கண்ணால் காணவில்லை, இரு சிறு புள்ளிகள் மட்டும் தெரிகின்றன. ‘பூரானாகத்தான் இருக்கும், விடியட்டும் பார்ப்போம்’ என்று சொல்லி உறங்கிவிடுவது எமது கிராமங்களில் சாதாரணம். எண்ணெய் விரியன், கட்டுவிரியன் என்றும் சிங்களத்தில் தெல் கரவலா என்றும் அழைக்கப்படும் பாம்பு இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் உறங்குபவரைக் கடிப்பதுண்டு. அக்கடியில் பெரும்பாலும் வலி மிகக் குறைவு. சில மணித்தியாலங்களில் வயிற்றுவலி, கண்ணிமை தாழ்தல், பேச்சுக் குழறல் தொடங்கி சுவாசமே நின்றுவிடலாம். பூரான் கடித்தால் அந்தக் கணமே தாங்க முடியாத வலி எழும். எனவே வலி இல்லை என்பதை ஆறுதலாகக் கொள்வது பெருந்தவறு. கடித்தது எதுவெனக் காணாதவிடத்து அதனைப் பாம்புக்கடியாகவே கருதி, மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலைக்கு அன்றிரவே செல்ல வேண்டும். பூரான் கடிக்கென விசேட எதிர்விஷம் வழக்கில் இல்லை. பாம்புக்கடிக்கு உண்டு. ஆனால் அது காலத்தோடு கிடைத்தால்தான் உயிரைக் காக்கும்.

இறுதியாக ஒன்று. நாம் கொடியதென வெறுக்கும் இந்தப் பூரான், முட்டையிட்டதும் அவற்றைத் தன் உடலால் வளைத்து அணைத்துக்கொள்கிறது. பூஞ்சணம் பிடிக்காதவாறு அவற்றைச் சுத்தம் செய்து, இரை தேடாமல், குஞ்சுகள் தம்பாட்டில் நடமாடும்வரை வாரக்கணக்கில் காவல் இருக்கிறது. பூரானைக் கண்டு அலறும் பிள்ளைகளுக்கு அதன் நச்சுக் கொடுக்கைப் பற்றிச் சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்வோம். இருட்டில் கடியுண்டால் மறைக்காமல் உடனே பெற்றோரை எழுப்ப வேண்டும் என்பதையும் அவர்களுக்குப் பழக்குவோமாக.